சுங்கை சிப்புட்டிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கு நான் நலம். அம்மா, அப்பா, நீ எல்லாரும் நலமா?

நீ மலேசியாவுக்குக் கிளம்புமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுவதும், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாழ்க்கையும் பத்து நாளில் பழகிவிடும். இந்த ஊர்ச் சட்டத்தை வந்தபின் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்காதே.

நம்ம தம்பிக்கோட்டையில் பிறந்த மலாயா கணபதியை 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் அவர். கையில் துப்பாக்கி இருந்தது. வெள்ளைக்காரன் அப்போது போட்டிருந்த அவசரகாலச் சட்டத்துக்கு அது போதுமாயிருந்தது. கண்டெடுத்து ஒப்படைக்கக் கொண்டுபோனேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. வெள்ளைக்காரன் போய்விட்டான், கையில் இருந்த பொருளையே பெரிய சாட்சியாக்கும் வழக்கம் போகவில்லை.

1952 அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 37-வது பிரிவைக் கேள். உன் பொறுப்பில் உள்ள பையில் சரக்கு இருந்தால், அது என்னவென்று உனக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வார்கள். வைத்திருந்தது ஹெராயின் 15 கிராம், கஞ்சா 200 கிராம் என்று எட்டிவிட்டால் கடத்தல்காரன் என்றும் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்று காட்டுவது உன் பாடு. இந்த இரண்டு ஊகத்தையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வழிவிட்ட 37ஏ பிரிவை 2019-ல் இந்நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. ஒற்றை ஊகம் இன்றும் உண்டு. 2023 ஜூலை 4 முதல் கடத்தலுக்குத் தூக்கு கட்டாயமில்லை, ஆனால் ஒழியவும் இல்லை. அதனால் விமான நிலையத்தில் யார் பொட்டலம் கொடுத்தாலும் வாங்காதே. சொந்தக்காரர் தரும் ஊறுகாயானாலும் பிரித்துப் பார்த்து நீயே கட்டு.

பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, கொண்டுபோனால் என்ன காரணம் என்று கேள். விசாரிக்குமுன் உறவினருக்கும் வக்கீலுக்கும் சொல்ல உனக்கு உரிமை உண்டு. அதைத் தள்ளிப்போடவும் அதே சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள், அங்கேதான் ஆள் தனியாகிவிடுகிறான். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 வருஷத்துக்குக் குறைந்த தண்டனைக் குற்றமென்றால் ரிமாண்ட், அதாவது விசாரணைக் காவல், முதலில் 4 நாள், பிறகு 3 நாள். 14 வருஷமோ அதற்கு மேலோ என்றால் 7, மறுபடி 7. ஒன்று முடிந்த வாசலிலேயே வேறு ஊர் வழக்கென்று மறுபடி பிடிப்பதும் நடக்கிறது.

வாக்குமூலத்தை மலாயில் எழுதுவார்கள். தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. கடைத்தெரு மலாய் தெரியும் என்று தலையாட்டுகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று வாய்விட்டுக் கேள். அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடமே சொல், டாக்டரிடம் காட்டச் சொல். இந்த நாட்டில் நம்மவர், அதாவது இந்திய வம்சாவளியினர், நூற்றுக்கு ஏழு பேர்போலத்தான். ஆனாலும் போலீஸ் காவலில் செத்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் 2009-ல் குகன், 2013-ல் தர்மேந்திரன், 2017-ல் பாலமுருகன் என்று நம்மவர் பெயராகவே வருகிறது. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

இலவச வக்கீல் தரும் தேசிய சட்ட உதவி அறவாரியம் இந்நாட்டுக் குடிமக்களுக்கானது. நமக்கு இந்தியத் தூதரகம்தான். அங்கே தகவல் சொல்லுங்கள் என்று போலீஸிடம் நீதான் கேட்க வேண்டும்.

பாஸ்போர்ட், பெர்மிட் நகல் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா. என் நம்பரை மனப்பாடம் செய்துகொள். போனைத்தான் முதலில் வாங்கிவிடுவார்கள்.

அன்புடன்,
அண்ணன்