பேட்டையைப் 'பகுதி' ஆக்க வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக நகரங்களைப் பற்றி இதழ்களில் வரும் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். நெடுநாளாக ஒரு மனக்குறை. எந்த ஊர்க்காரர் தன் பேட்டையை என்ன பெயர் சொல்லி அழைத்தாலும், தமிழில் அது 'பகுதி' ஆகிவிடுகிறது. ஏழைகள் வாழும் இடமென்றால் 'சேரி'.

பெர்லின்காரர் 'கீட்ஸ்' என்றால் நாலு தெரு, தெரிந்த முகங்கள், இது என் இடம் என்ற உரிமை எல்லாம் சேர்ந்து வரும். அதையே ஹாம்பர்க்கில் சொன்னால் பெரும்பாலும் ரீப்பர்பான் தெருவைச் சுற்றிய இரவுக் கேளிக்கை வட்டாரம். இப்படிச் சொந்தமாக உணரும் பேட்டைக்கு வியன்னாவில் 'கிரெட்ஸல்', வங்காளத்தில் 'பாரா'. 'பாரார் செலே' என்றால் 'நம்ம ஏரியா பையன்'. 'பகுதி இளைஞர்' என்று எழுதினால் அந்தப் பிரியம் எங்கே போகும்?

என்னை அதிகம் உறுத்துவது பிரேசில் நகரங்களின் ஏழை மக்கள் குடியிருப்பான 'ஃபவேலா'. குடிசைப் பகுதி என்றே எழுதுகிறோம்; அங்கே செங்கல்லும் கான்கிரீட்டுமாக மாடி வீடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஃபவேலா என்பது ஒரு செடியின் பெயர். அது வளர்ந்த குன்றுக்கும் அதே பெயர். பிரேசிலுக்குள்ளேயே நடந்து 1897இல் முடிந்த கனுடோஸ் போரில் அந்தக் குன்றில் முகாமிட்டிருந்த சிப்பாய்கள், ரியோ டி ஜெனிரோ நகரில் தாங்கள் குடியேறிய குன்றையும் அப்படியே அழைத்தார்கள். பிரேசிலின் அரசுப் புள்ளியியல் நிறுவனமோ பல ஆண்டுகள் இந்த இடங்களை 'இயல்புக்குக் கீழான குடியிருப்புத் திரள்' என்று எழுதிவந்தது. தான் பிறந்து வளர்ந்த இடத்தைப் பற்றி அரசாங்கத் தாளில் இப்படிப் படித்தால் யாருக்கும் நெஞ்சு கொதிக்காதா? 2024 ஜனவரியில் அதைக் கைவிட்டு, 'ஃபவேலாக்களும் நகர்ப்புறச் சமூகங்களும்' என்று மாற்றினார்கள். அரசே மக்கள் சொல்லுக்குத் திரும்பிவிட்டது, நாமும் திரும்பலாமே.

'சேரி' என்ற சொல்லுக்கும் இதில் நியாயம் சேர வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் அது ஊரின் ஒரு பிரிவு. ஒதுக்கப்பட்டவர்களின் இடம் என்று அதைச் சுருக்கியது பிற்கால வழக்கு. அந்தக் காயத்தோடு அதை வெளிநாட்டு ஊர்கள் மீதும் ஒட்ட வேண்டாம்.

அந்தந்த ஊர்ச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டு, முதல் தடவை மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுங்கள், போதும். நெருக்கம் தெரிய வேண்டிய இடத்தில் பேட்டை, ஏரியா என்று தாராளமாக எழுதலாம். அப்புறம், 'கெட்டோ'. 1516இல் வெனிஸில் யூதர்களை இரவில் கதவடைத்து வைத்த இடத்தின் பெயர் அது. நெரிசலான தெருவுக்கெல்லாம் அதை உவமையாக்குவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்