திருகோணமலையில் ஆங்கில ஆசிரியர்களை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விரிவுரையாளர்களுக்கும், எங்கள் ஊரில் ஆங்கில டிப்ளோமா வகுப்பு நடத்தும் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்,

வணக்கம். உங்களில் சிலரிடம் நான் நேரடியாகவே படித்திருக்கிறேன். பாடத்திட்டம் எழுதுவது, கரும்பலகையைப் பிரித்துப் பாவிப்பது, பேசக் கூச்சப்படும் பிள்ளையைப் பேச வைப்பது என்று நீங்கள் சொல்லித் தந்தவைதான் மாலைதீவில் மூன்று வருடம் என்னை வகுப்பறையில் நிமிர்ந்து நிற்க வைத்தன. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது: வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தை வாசிப்பதும், வரவேண்டியதை மரியாதையோடு கேட்பதும். அது தெரியாமல் போய் நான் பட்டதை, இன்று உங்கள் வகுப்பில் கொப்பி விரித்திருக்கும் பிள்ளைகள் படக்கூடாது.

2022இல் நான் புறப்பட்டபோது நாடு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பெற்றோல் வரிசையில் அப்பா ஓர் இரவு முழுக்க மோட்டார் சைக்கிளிலேயே படுத்திருந்தார். அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்று அந்த ஜூன் மாதம் சுற்றறிக்கையும் வந்தது. மூதூர்ப் பக்கத்தில் தொண்டர் ஆசிரியையாக நின்ற எனக்கு விடுமுறை கேட்கக்கூட ஒரு நிரந்தர வேலை இருக்கவில்லை. போவதென்று முடிவெடுத்தேன்.

எங்கே போவது என்பதிலேயே முதல் அடி விழுந்தது. தென்கொரியா போகலாம் என்ற நினைப்பில் அம்மாவின் காப்பை அடகு வைத்து, வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான டெஃபல் சான்றிதழ் ஒன்று எடுத்திருந்தேன். அங்கே ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு என்பது சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எங்கள் கடவுச்சீட்டுக்கு அந்தக் கதவு திறக்காது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் மனம் சோர்ந்துபோவார்கள் என்று மறைக்காதீர்கள். சோர்வு ஒரு கிழமையில் தெளியும். அடகு வைத்த நகை அப்படித் திரும்பாது.

பிறகு மாலைதீவு வேலைக்காகக் கொழும்பில் ஒரு முகவர் அலுவலகத்தில் பதினொரு பக்க ஒப்பந்தத்தில் ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வைத்தேன். "எல்லாருக்கும் இதுதான் மிஸ், பயப்படாம வைங்க" என்றார் அங்கிருந்தவர். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். வாசிக்க நேரம் கேட்பது மரியாதைக் குறைவு என்று எனக்குப் பட்டது. பந்தி பந்தியாக ஆங்கிலம் வாசித்து விளங்கப்படுத்தப் பயின்ற நான், என் வாழ்க்கையைக் கட்டிப்போடும் பதினொரு பக்கத்தை வாசிக்கவில்லை.

நான் போய் இறங்கிய தீவை இருபது நிமிடத்தில் முனைக்கு முனை நடந்துவிடலாம். தீவின் பெயரும் பாடசாலையின் பெயரும் இங்கே வேண்டாம். அங்கும் நல்லவர்கள் இருந்தார்கள். கிழமைக்கு 24 பாடவேளை என்று கொழும்பில் சொன்னார்கள். வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுக்கும் ரிலீஃப் பாடவேளைகளோடு அது முப்பதைத் தாண்டியது. பின்னேரம் மெல்லக் கற்போருக்கான வகுப்பு, சனிக்கிழமை கழகங்கள். அங்கே பாடசாலை ஞாயிறு தொடங்கி வியாழனில் முடிகிறது. வெள்ளி ஒன்றுதான் எனக்கு மிஞ்சியது, அதிலும் அரைவாசி கொப்பி திருத்துவதில் போனது. விசாவுக்கென்று வாங்கிய கடவுச்சீட்டு ஏழு மாதமாக அலுவலக அலுமாரியில் கிடந்தது. இரண்டாம் மாதம் பாதிச் சம்பளம் வந்தது. மூன்றாம் மாதம் அதுவும் வரவில்லை.

நான் பேசாமல் இருந்தேன். இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டுமென்று கேட்கிறேன். அதிபரின் கதவடி வரை இரண்டு தரம் போய்த் திரும்பினேன். எனக்கு அந்தச் சொற்களே வரவில்லை. சாதாரண தரத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை கடிதம் எழுதிப் பழகினோம்! சுகவீன விடுமுறைக் கடிதம், வெளிநாட்டு நண்பருக்குக் கடிதம், குப்பை அள்ளாததைப் பற்றிப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம். டிப்ளோமாவில் அதைவிட உயர்ந்த ஆங்கிலம் எழுதினோம். "எனக்குத் தரவேண்டிய சம்பளம் இன்னும் வரவில்லை, எந்தத் திகதியில் தருவீர்கள்?" என்று மரியாதை குறையாமலும் கெஞ்சாமலும் எழுதும் ஒரு வசனத்தை யாரும் எங்களுக்குப் பழக்கவில்லை. சின்ன வயதிலிருந்து சேர் சொன்னால் மறுபேச்சில்லை என்று வளர்ந்தோம். அந்தப் பணிவு நல்ல பழக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கடல் கடந்து போனதும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

என்னோடு ஒரே அறையில் கிண்ணியா ராத்தா (அக்கா) ஒருவர் இருந்தார், கணித ஆசிரியை, மாலைதீவில் எட்டாவது வருடம். ஒரு நாள் இரவு நான் அழுவதைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "புள்ள, வாயால சொன்னதெல்லாம் காத்தோட போயிரும். எழுத்துல எடு" என்றார். ஒரு கொப்பி தந்தார். எந்த நாள், எத்தனை மணி, யார், என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதச் சொன்னார். என் கவலையை அதில் எழுதக்கூடாதாம். வாயால் ஒரு வேலை தந்தால் அன்றைக்கே அதிபருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்: "இன்று காலை நீங்கள் சொன்னதை இப்படி விளங்கிக்கொண்டேன். சரிதானா என்று உறுதிப்படுத்துங்கள்." அதில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் அந்த மின்னஞ்சல்கள் போகத் தொடங்கிய பிறகு, வாயால் வரும் மேலதிக வேலை பாதியாகக் குறைந்தது.

சம்பளத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஆறு வரியில் ஒரு கடிதம் எழுதினோம். ஒப்பந்தத்தில் சம்பளத் திகதி இருக்கும் பந்தியின் இலக்கம், வரவேண்டிய தொகை, பதில் எதிர்பார்க்கும் நாள், அவ்வளவுதான். கடவுச்சீட்டையும் அதே கடிதத்தில் கேட்டேன். இரண்டு கிழமைக்குள் இரண்டும் வந்தன. அதிபர் என்மேல் கோபப்படவும் இல்லை. "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் மனதில் கிடக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி நடக்காது என்பதும் தெரியும். எங்களோடு வந்த இன்னொரு பிள்ளை, வேறொரு தீவில், வரவேண்டிய சம்பளத்தை விட்டுவிட்டே ஊர் திரும்பினாள்.

அடையாள ஆவணங்களை வைத்துக்கொள்வதும் சம்பளத்தைப் பிடித்துவைப்பதும், கட்டாய உழைப்புக்கு சர்வதேச தொழில் அமைப்பு வகுத்த பதினொரு அறிகுறிகளில் இரண்டு என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாலைதீவின் 2008ஆம் ஆண்டு தொழில் சட்டம் கிழமைக்கு 48 மணித்தியாலம், வருடத்துக்கு 30 நாள் விடுமுறை, 30 நாள் சுகவீன விடுமுறை என்கிறது. முறையிடத் தொழில் தீர்ப்பாயம் ஒன்றும் இருக்கிறது. போகும் நாட்டின் சட்டத்தில் இப்படி நாலு வரி தெரிந்திருந்தால், அந்த முகவர் அலுவலகக் கதிரையில் நான் வேறு மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

எல்லாக் கஷ்டமும் நிர்வாகத்தால் வருவதில்லை. முதல் தவணையில் ஒரு தாய் என் உச்சரிப்பைப் பற்றி முறையிட்டார். பாடத்துக்குப் பொறுப்பான லீடிங் டீச்சர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து, நான் பேசப் பேசக் குறித்துக்கொண்டே இருந்தார். ஆங்கிலத்தில் மேல்பல் கீழுதட்டில் படும் v ஒலியையும் உதடு குவித்துச் சொல்லும் w ஒலியையும் ஒரே "வ" ஆக்கிவிடுகிறேன் என்பது முறைப்பாடு. அது உண்மைதான், தமிழில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான். அன்றிரவு வெட்கத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் பிள்ளைகளின் வாயைக் கவனித்தேன். மாலைதீவு மொழியான திவேகியிலும் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான். அவர்களும் என்னைப் போலவே தடுமாறினார்கள்.

அதன்பிறகு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகளோடு வகுப்புக்குப் போனேன். பல் உதட்டில் படுகிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும், நானும் அவர்களோடு பார்த்துக்கொள்வேன். இன்னொரு விஷயத்தில் அவர்கள் எனக்கு மேலே. எங்கள் பிள்ளைகள் மீனுக்கான ஆங்கிலச் சொல்லை "பிஷ்" என்பார்கள். திவேகிப் பிள்ளைகளுக்கு "ஃ" சேர்ந்த அந்த ஒலி தாய்மொழியிலேயே இருக்கிறது. தண்ணீருக்கு அவர்கள் "ஃபென்" என்கிறார்கள், சிங்களத்தில் "பஹ" என்ற ஐந்து அவர்களிடம் "ஃபஸ்". அதைப் பிள்ளைகளிடமே கேட்டுப் படித்தேன். தங்களுக்குத் தெரிந்ததை டீச்சருக்குச் சொல்லிக் கொடுப்பதில் அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! தவணை முடிவில் அந்தத் தாய் பொரித்த ஈரப்பலாக்காய்ச் சீவலோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். குறை சொன்னவரோடு மோதாமல், குறையில் உண்மை எவ்வளவு என்று முதலில் அளந்து பார்ப்பது எப்படி என்பதையும் நீங்கள் வகுப்பில் ஒரு நாள் பேசலாம். பிழை திருத்தும் வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் பிழையைக் கேட்கப் பழகியிருக்க வேண்டும்.

தனிமையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். திருகோணமலையின் டச்சு பே கடற்கரையடியில் வளர்ந்தவளுக்குக் கடல் புதிதில்லை. ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்றில் படகுகள் ஓடாத நாட்களில் எங்கள் ஊர் பஸ் நிலையத்தடியில் மேயும் மான்களை நினைத்து அழுதிருக்கிறேன். அம்மாவிடம் "நல்லா இருக்கிறன்" என்றே ஏழு மாதம் சொன்னேன். அந்தப் பொய்தான் சம்பளம் வராததைவிடக் கனத்தது. ஒரு வருடம் முடிந்ததும் வேறு தீவுக்கு மாறினேன். அடுத்த இரண்டு வருடமும் நிம்மதியாகப் போயின.

உங்களிடம் கேட்பது பெரிதில்லை. ஒன்றரை வருடப் பாடநெறியில் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். உண்மையான ஓர் ஒப்பந்தத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, சம்பளத் திகதி எங்கே, வேலைநேரம் எங்கே, பயணச்சீட்டுக்கு யார் பொறுப்பு, இடையில் விலகினால் என்ன என்று தேடச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஒருவர் அதிபராகவும் ஒருவர் ஆசிரியையாகவும் நடித்து, மேலதிக வேலைக்கு மரியாதையோடு மறுப்புச் சொல்லிப் பழகட்டும். உணவகத்தில் தேநீர் கேட்கும் உரையாடலை எத்தனை வருடமாக நடிக்க வைக்கிறோம்!

வகுப்பறைச் சுவரில் ஏஜென்சி விளம்பரம் ஒட்ட அனுமதிக்க முன், அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் அழைத்தே கேட்கலாம். உங்கள் சுவரில் இருப்பதைப் பிள்ளைகள் நீங்கள் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்தில் உங்களுக்கு மாலை போடுகிறோம். உலகம் அதை 5ஆம் திகதி கொண்டாடுவதற்குக் காரணம், 1966இல் அந்த நாளில்தான் ஆசிரியர்களின் நிலை பற்றிய பரிந்துரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆசிரியரின் வேலைநேரத்தைத் தீர்மானிக்கும்போது பிள்ளைகளின் தொகையையும், பாடம் ஆயத்தம் செய்து மதிப்பிடும் நேரத்தையும், வகுப்புக்கு வெளியே செய்யும் வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது சட்டமில்லை, யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்தப் பக்கங்களை மாணவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். தாங்கள் கேட்பது பேராசை இல்லை என்றாவது அவர்களுக்குத் தெரியட்டும்.

தயவுசெய்து "பொறுத்துப் போங்க, வெளிநாட்டுக் காசுதானே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அந்த வசனத்தோடுதான் நான் ஏழு மாதம் வாய் மூடி இருந்தேன்.

என் ஒப்பந்தத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. பாடசாலையின் பெயரையும் என் பெயரையும் கறுப்பு மையால் மறைத்து வைத்திருக்கிறேன். ராத்தாவும் நானும் எழுதிய அந்த ஆறு வரிக் கடிதமும் இருக்கிறது. ராத்தா இந்த வருடம் விடுமுறையில் கிண்ணியா வருகிறார். கூப்பிட்டால் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலையில் எந்த வகுப்புக்கும் எங்களால் வர முடியும். பணம் வேண்டாம். நாற்பது பிரதி எடுத்து வைத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி
உவர்மலை, திருகோணமலை