கட்டத்தில் அடித்ததைப் படியுங்கள்: நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பில்லிங், பார்சல், பதிவு மென்பொருள்கள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் இப்போது உங்கள் தொழில்தான். அதற்கு முன்னால் ஒரு பார்சல் அலுவலகத்தில் புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதுவது அந்தக் கவுண்டர் ஆள்.

ஒரு மாலை, ‘சேருமிடம்’ காம்போ பாக்ஸில் (பட்டியலிலிருந்து எடுக்கவும் கையால் அடிக்கவும் இடம் தரும் கட்டம்) ஸ்ரீபெரும்புதூரைப் பட்டியலிலிருந்து தேர்ந்து ஒரு பெட்டிக்கு ரசீது போட்டேன். அடுத்து வந்தவருக்கு ஸ்ரீரங்கம். முந்தைய ஊர் அப்படியே நின்றது. அதை அழித்து ஸ்ரீரங்கம் என்று அடித்தேன். திரையிலும் ஸ்ரீரங்கம்தான் தெரிந்தது. சேமித்தேன். ரசீதில் ஸ்ரீபெரும்புதூர்! வரிசை நீண்டு நின்றதால் அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. திருச்சிக்குப் போக வேண்டிய புடவைக் கட்டு சென்னைக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. “பார்த்து அடிக்கக் கூடாதா?” என்று திட்டு விழுந்தது எனக்கு. பார்த்துத்தான் அடித்தேன்.

நிரல் எழுதக் கற்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. காம்போ பாக்ஸ் ஒரே பெட்டி போலத் தெரியும். உள்ளே இரண்டு உண்டு. எழுதும் கட்டம் ஒன்று, பட்டியல் ஒன்று. கட்டத்தில் இருக்கும் எழுத்தும் பட்டியலில் தேர்வாகியிருக்கும் வரிசை எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நான் எழுத்தை அடித்தேன். அந்த மென்பொருளை எழுதியவர் எண்ணைப் படித்தார்.

திரைகளைக் கட்ட உதவும் நிரல் தொகுப்புகளில் ஒன்றான க்யூட்டில் (Qt), பட்டியலில் இல்லாத ஒன்றை அடித்துக்கொண்டிருக்கும்போது, தேர்வின் வரிசை எண்ணான கரன்ட் இண்டெக்ஸ் பழைய இடத்திலேயே நிற்கும். கட்டத்தின் எழுத்தான கரன்ட் டெக்ஸ்ட் மட்டும்தான் புதியதைச் சொல்லும். அந்த வரிசை எண்ணோடு சேர்த்து வைத்த தகவலான கரன்ட் டேட்டாவை ஊர்க் குறியீடாக எடுத்தால் கிடைப்பது பழைய ஊர். ஜாவா மொழியின் திரைத் தொகுப்பான ஸ்விங்கில், என்டர் அடிக்கும்வரை அல்லது கர்சர் வெளியே போகும்வரை, தேர்ந்த உருப்படி எது என்று கேட்டால் முந்தையதுதான் வரும். எழுதும் கட்டமான எடிட்டரைக் கேட்டால்தான் இப்போதைய எழுத்து கிடைக்கும். கவுண்டரில் நாங்கள் சேமிப்பது பெரும்பாலும் ஃபங்ஷன் கீயில். கர்சர் எங்கும் நகர்வதில்லை.

விண்டோஸ் இதற்கு நேர் எதிர். பட்டியலில் தேர்வு மாறியதும் வரும் அறிவிப்பு, கட்டத்தின் எழுத்து மாறுவதற்கு முன்பே வந்துவிடும். அங்கே அவசரப்பட்டு எழுத்தைப் படித்தால் பழையது கிடைக்கும். தட்டச்சுக்கு வேறு அறிவிப்பு. பைத்தான் மொழியின் திரைத் தொகுப்பான டிகின்டரிலும் பட்டியலில் தேர்ந்தால் மட்டுமே தேர்வு நிகழ்வு வரும், அடித்தால் வராது. இந்த இரண்டு அறிவிப்புகளில் ஒன்றை மட்டும் கவனித்து நிரல் எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர், சொல்லுங்கள்.

சரி, ஸ்ரீரங்கம் பட்டியலிலேயே இருந்திருக்குமே என்பீர்கள். இருந்தது, ஆனால் அது வேறு ஸ்ரீ! ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று. ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் உலகத் தரமான யூனிகோடில் ஶ சேர்ந்தது 2005-ல், 4.1 பதிப்பில்தான். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. பட்டியலைத் தயாரித்தவரின் விசைப்பலகை ஒன்றைக் கொடுத்தது, என்னுடையது மற்றதை.

‘கொ’வும் இப்படித்தான். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரலாம், தனித்தனிக் குறிகளாகவும் வரலாம். இதையாவது யூனிகோடின் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் முறை) சரிசெய்துவிடும். இரண்டு ஸ்ரீக்களையும் அது சேர்த்துவைக்காது. அதற்கு நீங்கள்தான் இரண்டு வரி எழுத வேண்டும்.

நிரல் தானே எழுத்தைக் கட்டத்தில் வைக்கும்போதும் இதே கூத்துதான். ஸ்விங்கில் திருத்த முடியாத காம்போ பாக்ஸில், பட்டியலில் இல்லாத ஊரை வைக்கச் சொன்னால் சத்தமில்லாமல் மறுத்துவிடும். பட்டியலிலிருந்து நீக்கிய ஊர் உள்ள பழைய ரசீதைத் திறந்தால், அதற்கு முன் பார்த்த ரசீதின் ஊர் அங்கே நிற்கும். சேமித்தால் அதுவே பதிவாகிவிடும். க்யூட்டிலோ, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், அடித்து என்டர் தட்டியதெல்லாம் பட்டியலின் அடியில் சேரும். காலையில் யாரோ அடித்த ‘கும்பகோனம்’ மென்பொருளை மூடும்வரை எல்லோருக்கும் பல்லிளிக்கும்.

ஆகவே, சேமிக்கும் நொடியில் கட்டத்தில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஓர இடைவெளிகளை வெட்டி, இயல்பாக்கி, பட்டியலில் தேடுங்கள். கிடைத்தால் அதன் குறியீடு. கிடைக்காவிட்டால் நிறுத்திக் கேளுங்கள்; நீங்களாக ஓர் ஊரைப் போட்டுவிடாதீர்கள். எங்களுக்கு ஒரு விநாடி போகும், அவ்வளவுதான்.

இன்றைக்கே உங்கள் மென்பொருளைத் திறந்து, பட்டியலில் ஓர் ஊரைத் தேர்ந்துவிட்டு, அதன் மேலேயே, பட்டியலில் இல்லாத ஊர் ஒன்றை அடித்து, கர்சரை நகர்த்தாமல் சேமித்துப் பாருங்கள். அப்புறம் ரசீதைப் படியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய புக்கிங் கிளார்க்