முத்துவின் வால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் போனில், "புள்ளியும் முத்துவும் எப்படிப்பா இருக்காங்க?" என்று கேட்டாய். "நல்லா இருக்காங்க" என்றேன். அது பொய். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். உன் லெப்பர்ட் கெக்கோ பல்லிகள் இரண்டில் முத்துவுக்கு வால் விழுந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. டாக்டரிடம் காட்டிவிட்டேன்.

முத்துவின் தொட்டியில் அடியிலிருந்து சூடு கொடுக்கிற ஹீட் மேட் கெட்டுப்போனது. புதிது வரும்வரை என்று அதைத் தூக்கிப் புள்ளியின் தொட்டியில் விட்டேன். நீ எழுதி வைத்துவிட்டுப் போன நோட்டின் முதல் பக்கத்திலேயே, "எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாக விடக் கூடாது" என்று அடியில் இரண்டு கோடு போட்டு இருக்கிறது. படித்தேன். படித்துவிட்டுத்தான் விட்டேன். ஒன்றாகப் பொரித்த அக்கா தங்கை, லெப்பர்ட் கெக்கோவில் ஆண்கள்தானே கடித்துக்கொள்ளும், பெண்கள் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முட்டைக்குக் கொடுக்கிற சூட்டை வைத்துத்தான் ஆணா பெண்ணா என்பது முடிவாகும், 26 டிகிரிப் பக்கம் என்றால் அநேகமாகப் பெண்தான் என்று பத்தாவது படிக்கும்போதே நீ எனக்குப் பாடம் நடத்தியவள். வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். அந்தப் பிள்ளை எழுதி வைத்ததை மதிக்கவில்லை.

முதல் வாரம் பார்க்க அழகாக இருந்தது. சூடான பக்கத்துக் குகைக்குள் முத்து படுத்திருக்கும், அதன் முதுகில் ஏறிப் புள்ளி படுத்திருக்கும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன ஒத்துமை பாருங்க" என்றாள். போட்டோகூட எடுத்தேன், நீ திட்டுவாய் என்று அனுப்பவில்லை. அது பாசம் இல்லைம்மா. சூடான இடம் என்னுடையது என்று மேலே ஏறி உட்காருவது. வயிற்றுக்கு அடியில் அந்த 32 டிகிரி கிடைத்தால்தான் தின்றது செரிக்கும் என்று நோட்டில் அதுவும் இருக்கிறது.

அப்புறம் முத்து குளிர்ந்த பக்கத்து மூலைக்குப் போய்விட்டது. அங்கேயே கிடந்தது. சண்டை இல்லை, கடி இல்லை, ஒரு சத்தம் இல்லை. புழுக் கிண்ணம் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. இரண்டும் தின்கின்றன என்று நினைத்தேன். ஒரே தொட்டியில் இருந்தால் எது தின்றது, எச்சம் எதனுடையது என்று எப்படித் தெரியும்? இன்னொரு குகை வைத்துப் பார்த்தேன். புள்ளி இரண்டிலும் மாறி மாறிப் படுத்தது.

ஐந்தாவது வாரம் தராசில் வைத்தேன். 61 கிராம் இருந்த முத்து 47. அதன் கொழுப்புச் சேமிப்பெல்லாம் இருக்கிற வால், விரல் தடிமன் இருந்தது, பென்சில் மாதிரி ஆகியிருந்தது. அந்த நிமிஷமே பிரித்திருக்க வேண்டும். விடிந்ததும் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். இரவு தொட்டியில் தடதடவென்று கேட்டது. விளக்கைப் போட்டால், வால் தனியாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. முத்து தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை என் முத்துவுக்கு உண்டு என்பாயே, அந்த இமை.

இப்போது தனித் தொட்டி, புது ஹீட் மேட், தெர்மோஸ்டாட். அடியில் வெறும் டிஷ்யூ பேப்பர்தான், புண்ணில் எதுவும் ஒட்டாமல் இருக்க. நேற்று 52 கிராம். புது வால் முளைக்கிறது, ஆனால் பழைய மாதிரி வளையம் வளையமாக வராது, வழவழவென்று மொழுக்கையாகத்தான் இருக்குமாம். 20 வருஷம்கூட இருக்கக்கூடிய உயிர்கள். இனி என்ன ஆனாலும் ஒன்றாக விட மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வேலையில் உன்னைப் பாராட்டினார்கள் என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன் வாயால் சொல்லக் கூடாதா? எதைக் கேட்டாலும் "சரிப்பா." வீடியோவில் அக்கா முன்னால் உட்கார்ந்து பேசுகிறாள், நீ பின்னால் சுவரோரமாக. கழுத்தெலும்பு தெரிகிறது. அம்மாவும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவோடு ஒரே வீட்டில் இரு என்று சொன்னது நான்தான். செலவு மிச்சம், துணைக்குத் துணை என்றேன். நீ தயங்கினாய், நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். மாடி அறையிலும் அப்படித்தானே. "நீதானே சின்னவ, விட்டுக்கொடு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ அழுததில்லை, சத்தம் போட்டதில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பீரோ விஷயத்தில்கூட உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒத்துமையான பிள்ளைகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் செய்தது தப்பும்மா.

அக்கா கெட்டவள் இல்லை. புள்ளியும் கெட்டதில்லை, தனியாக இருப்பது அதன் சுபாவம். ஆனால் நீ வேறு இடம் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் பார். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவிடம் நானே சொல்கிறேன், நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அதையாவது எழுது. "சரிப்பா" என்று மட்டும் எழுதாதே.

முத்துவை ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்த்து உனக்கு எழுதுகிறேன். நீயும் எங்கேயாவது தராசு இருந்தால் ஏறிப் பார்த்து, எவ்வளவு என்று எழுது. கூட்டிச் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா