75 சொல்லுக்குக் கிடைத்த ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'அங்கே வரியை மக்களே முடிவு செய்கிறார்கள்' என்ற கட்டுரையைப் படித்தேன். கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்ட்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 2025 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு விற்பனை வரியை ஏற்றிக்கொண்டார்கள், அங்கெல்லாம் கருத்துக்கணிப்பு நடத்தி மக்கள் மனசு தெரிந்த பிறகுதான் வரியைப் பற்றிப் பேச்சே எடுப்பார்கள் என்று பாராட்டியிருந்தீர்கள். அந்தக் கவுன்ட்டியில், சன்னிவேல் என்ற ஊரில், 2008-லிருந்து மளிகையும் பாத்திரமும் விற்பவன் நான். திருமங்கலத்துக்காரன். கட்டுரையில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மார்ச் 31 ராத்திரி கடையை மூடிய பிறகு பில் மெஷினில் வரி விகிதத்தை மாற்றினேன். 9.125 என்று இருந்ததை அழித்துவிட்டு 9.75. பக்கத்து ஊர் சான் ஹோசேயில் கடை வைத்திருக்கும் நண்பர் அதே நேரத்தில் 10 என்று தட்டிக்கொண்டிருந்தார், அவர்கள் நகராட்சிக்குத் தனியாகக் கால் சதவீதம் உண்டு. மறுநாள் காலையில் முதல் வியாபாரமே ஒரு வெட் கிரைண்டர். 250 டாலர். பழைய கணக்குப்படி வரி 22 டாலர் 81 சென்ட், புதுக்கணக்கில் 24 டாலர் 38 சென்ட். வாங்கியவர் மகன் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருக்கும் தஞ்சாவூர் அம்மா ஒருவர். பில்லைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, என் சம்பந்தியம்மா போன மாசம் வாங்கினப்ப இதைவிடக் கொஞ்சம் குறைச்சலா இருந்துச்சே?" என்றார். ஓட்டுப் போட்டு ஏற்றியிருக்கிறார்கள் அம்மா என்றேன். "யாரு போட்டா?" என்றார்.

ஒன்றரை டாலர் சமாச்சாரம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஆதரித்தே போட்டேன். 2025 ஜூலையில் அமெரிக்க மத்திய அரசு போட்ட சட்டத்தால் ஏழைகளுக்கான மருத்துவ உதவிப் பணம் குறையப்போகிறது என்று தெரிந்ததும், ஆகஸ்டிலேயே கவுன்ட்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர்கள் ஐந்து பேரும் ஒருமனதாக இந்த வரியை மக்கள் முன்னால் வைத்தார்கள். 100 டாலருக்கு 62.5 சென்ட், ஐந்து வருஷத்துக்கு. வருஷத்துக்கு 330 மில்லியன் டாலர் வரும் என்பது அவர்கள் மதிப்பு. கவுன்ட்டிக்குச் சொந்தமாக நான்கு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. என் கடையில் மூட்டை இறக்கும் பையனுக்குக் கை ஒடிந்தபோது எங்கே கூட்டிக்கொண்டு போனோம் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஆம் என்று போட்டேன். ஏறக்குறைய 57 சதவீதம் ஆதரவில் வரி ஜெயித்தது.

இதில் எனக்குப் புகார் இல்லை. நீங்கள் மெச்சிய கருத்துக்கணிப்பு எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது எனக்கே நடந்தது, இந்த ஆஸ்பத்திரி வரிக்கு அல்ல, இன்னொரு வரிக்கு.

2025 தொடக்கத்தில் ஒரு சாயங்காலம். கடையில் கூட்டம் இல்லை. தெரியாத நம்பர். வழக்கமாக எடுக்க மாட்டேன், கறிவேப்பிலை கொண்டுவருபவராக இருக்குமோ என்று எடுத்துவிட்டேன். ஒரு பெண் குரல், நல்ல மரியாதை. பஸ், ரயில் பற்றி ஒரு கருத்துக்கணிப்பு, இருபது நிமிஷம் ஆகும் என்றார். இங்கே பார்ட், கால்டிரெயின் என்ற ரயில் சேவைகள் எல்லாம் கொரோனாவுக்குப் பிறகு பயணிகள் குறைந்து பணத்துக்குத் தவிக்கின்றன. அதற்காக இந்த வட்டாரம் முழுக்க விற்பனை வரியை ஏற்றலாமா என்று அப்போதே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

முதலில் நம்ம ஊர் சரியான வழியில் போகிறதா, தப்பான வழியில் போகிறதா என்று கேட்டார். கேட்கும்போதே எனக்கு அலுப்பு. அப்புறம் ஒரு நீளமான வாக்கியத்தை வாசித்தார். வயதானவர்கள், ஊனமுற்றவர்கள், மாணவர்கள் ஆகியோருக்கான போக்குவரத்தைக் காப்பாற்ற, நெரிசலைக் குறைக்க, தணிக்கைக்கு உட்பட்டு, இத்தனை வருஷத்துக்கு, டாலருக்கு அரை சென்ட். இதற்கு ஓட்டுப் போடுவீர்களா? கண்டிப்பாக ஆமாவா, அநேகமாக ஆமாவா, அநேகமாக இல்லையா, கண்டிப்பாக இல்லையா? நான் 'அநேகமாக ஆம்' என்றேன். மாணவர்களுக்குப் பஸ் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

உடனே ஆதரவுக் காரணங்களை ஒவ்வொன்றாக வாசித்து, இது உங்களை எவ்வளவு இணங்க வைக்கிறது என்று கேட்டார். மறுபடி ஓட்டு. ஆம். அடுத்து எதிர்ப்புக் காரணங்கள். ஏற்கெனவே இத்தனை வரி கட்டுகிறீர்கள், விலைவாசி ஏறிக்கிடக்கிறது, கொடுத்த பணத்தையே ஒழுங்காகச் செலவழிக்கவில்லை. மறுபடி ஓட்டு. இந்தத் தடவை 'அநேகமாக இல்லை' என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. இருபது நிமிஷத்துக்குள் ஒரே ஆள், ஒரே வரி, மூன்று ஓட்டு. அந்தப் பெண் துளிகூட ஆச்சரியப்படவில்லை. அவருக்கு வேண்டியதே அதுதான் என்பது பிறகுதான் உறைத்தது. என் மனசு என்ன என்று கண்டுபிடிக்க அவர் கூப்பிடவில்லை. எந்தச் சொல்லில் என் மனசு அசைகிறது, எந்தச் சொல்லில் திரும்பி வருகிறது என்று பார்க்கத்தான் கூப்பிட்டார். நான் வெல்லத்தை விரலால் தொட்டுப் பதம் பார்க்கிற மாதிரி.

இங்கே ஓட்டுச்சீட்டில் உள்ளூர் வரிக்கான கேள்வியை 75 சொல்லுக்குள் எழுத வேண்டும் என்பது சட்டம். அந்த 75 சொல்லும் பெரும்பாலும் இப்படிப் பல நூறு பேரிடம் உரசிப் பார்த்துப் பொறுக்கியவை. 'வரி' என்ற சொல் முதலில் வருவதா கடைசியில் வருவதா, 'பத்து வருஷம்' என்பதா 'மக்கள் முடிக்கும் வரை' என்பதா, எல்லாம் எடை போட்டு வைத்ததுதான். அரசாங்கப் பணத்தில் 'ஆம் என்று போடுங்கள்' என்று பிரசாரம் செய்யக் கூடாது. ஆனால் கணிப்பு எடுக்கலாம், தகவல் அச்சடித்து வீட்டுக்கு அனுப்பலாம். தகவலா பிரசாரமா என்று என் வீட்டுத் தபால் பெட்டியில் விழுந்ததைப் பார்த்து எனக்கே பல தடவை சந்தேகம் வந்திருக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. வரிப் பணம் இன்ன வேலைக்குத்தான் என்று சட்டப்படி ஆணி அடித்து அரசாங்கம் ஓட்டுக்கு வைத்தால், ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 1978-ல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 13-ம் முன்மொழிவு கொண்டுவந்த கட்டுப்பாடு அது. 'பொதுச் செலவுக்கு' என்று சொல்லிவிட்டால் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும். ஆஸ்பத்திரிகளுக்கு என்று எல்லோரும் பேசிக்கொண்ட எங்கள் நவம்பர் வரி, ஏட்டில் பொது வரிதான். வாக்குறுதியைக் கட்டிப் போட்டால் ஏணி உயரம், அவிழ்த்து விட்டால் ஏணி குட்டை. என்ன சட்டமோ! கணிப்பில் 57 வந்தால் எந்தக் கதவு, 70 வந்தால் எந்தக் கதவு என்பதும் இதை வைத்துத்தான் தீர்மானமாகிறது.

அந்த மூன்றில் இரண்டு என்ற கோட்டில் நடந்த இரண்டு கூத்துகளை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2008-ல் எங்கள் கவுன்ட்டியில் பார்ட் ரயிலுக்காக 100 டாலருக்கு 12.5 சென்ட் வரி கேட்டார்கள். வேண்டியது 66.67 சதவீதம், கிடைத்தது 66.78. ஜெயித்தது. 2012-ல் பக்கத்து அலமீடா கவுன்ட்டியில் அதே மாதிரி ஒரு போக்குவரத்து வரி, கிடைத்தது 66.53. தோற்றது. இரண்டே வருஷத்தில் மறுபடி வைத்தார்கள், 70-ஐத் தாண்டி ஜெயித்தது. 600 பேரைக் கூப்பிட்டு எடுக்கும் கணிப்பில் இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4 என்று பிழை இருக்கும். 66.53-க்கும் 66.78-க்கும் நடுவில் இருப்பதை அது எங்கே பார்க்கப்போகிறது? மூட்டை நிறுக்கும் தராசில் ஏலக்காய் நிறுக்கிற கதைதான்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். யார் போட்டார்கள்?

நான் இந்த ஊருக்கு வந்தது 1998-ல். 2000-ல் இதே கவுன்ட்டியில் ரயில், பஸ்ஸுக்காக அரை சென்ட் வரி, 30 வருஷத்துக்கு, 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு ஜெயித்தது. என்னிடம் அப்போது விசாதான், ஓட்டு இல்லை. 2006 ஏப்ரலில் வசூல் தொடங்கியது. அந்த மாதத்திலிருந்து கட்டுகிறேன். 2008 வரிக்கும் எனக்கு ஓட்டு இல்லை, வெறும் கிரீன் கார்டு. 2012-ல்தான் சிட்டிசன் ஆனேன். நான் முதல்முதலாக ஓட்டுப் போட்ட போக்குவரத்து வரி 2016-ல் வந்தது. அதற்கும் முன்னால் யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. 2000-ல் ஜெயித்த வரிப் பணத்தில் பார்ட் ரயில் சான் ஹோசே எல்லையில் பெரியெஸ்ஸா வரைக்கும் 2020 ஜூனில் வந்து சேர்ந்தது. நகரத்தின் நடுவுக்கு இன்னும் வரவில்லை.

கணிப்பு நிறுவனம் கையில் வைத்திருப்பது வாக்காளர் பட்டியல். அதிலும் முந்தைய தேர்தல்களில் ஒழுங்காக ஓட்டுப் போட்டவர்கள், போடுவார்கள் என்று தோன்றுகிறவர்கள். என் கடையில் ஒரு சனிக்கிழமை வரிசையில் நிற்கிறவர்களைப் பாருங்கள். கிரீன் கார்டுக்காகப் பத்து வருஷத்துக்கும் மேலாக வரிசையில் நிற்கும் எச்-1பி வேலை விசாப் பிள்ளைகள், அவர்கள் பெற்றோர், ஸ்டூடண்ட் விசாவில் ஒரு கடாயும் ஒரு குக்கரும் வாங்க வந்த பையன்கள். ஒவ்வொருவரும் பாத்திரத்துக்கு 9.75 கட்டுகிறார்கள். அந்தப் பட்டியலில் ஒருத்தர்கூட இல்லை. வேறு ஊர் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றால் ஃப்ரீமான்ட்டில் பத்தேகால். அந்த 57 சதவீதத்தை நீங்கள் 'மக்கள்' என்று எழுதும்போது எனக்கு நெருடியது இதுதான்.

நம்ம ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். திருமங்கலத்தில் என் தம்பி மளிகைக்கடை வைத்திருக்கிறான். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ராத்திரியோடு ராத்திரியாக அவனும் விலை ஸ்டிக்கர் மாற்றினான். ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவானதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டான், அவனை ஒருத்தரும் கேட்கவில்லை. அங்கே யாரையும் கேட்பதில்லை, இங்கே சிலரைக் கேட்கிறார்கள். இங்கே இருப்பது மேல் என்றுதான் நானும் நினைக்கிறேன். சந்தேகமே இல்லை. ஆனால் கேட்கப்படுகிற அந்தச் சிலரில் நம்மவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சிட்டிசன் ஆகியிருப்பார்கள், ஓட்டும் இருக்கும். தெரியாத நம்பரை எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் இருபது நிமிஷம் என்றதும் வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வரும் ஓட்டுச்சீட்டில் மேலே இருக்கும் பெரிய தலைகளுக்கு மட்டும் கட்டத்தை நிரப்பிவிட்டு, உள்ளூர் வரி வரும் கடைசிப் பக்கத்தைக் காலியாகவே தபாலில் போடுவார்கள். அப்புறம் என் கடையில் பில்லைப் பார்த்து, "அண்ணா, இது அநியாயம்" என்பார்கள்.

என்னிடம் கேட்ட அந்தப் பஸ், ரயில் வரி பிற்பாடு உருவம் எடுத்தது. 2025 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம், ஐந்து கவுன்ட்டிகளில் 14 வருஷத்துக்கு விற்பனை வரி கேட்க வழி செய்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சென்ட், எங்களுக்கும் மற்ற மூன்று கவுன்ட்டிகளுக்கும் அரை சென்ட். மக்கள் கையெழுத்து வாங்கி ஓட்டுக்கு வந்தால் பாதிக்கு மேல் போதும், மூன்றில் இரண்டு வேண்டாம். அதற்காகத்தான் என் கடை வாசலில் ஒரு பையன் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றான். வெயில், ஒரு மோர் கொடுத்தேன். வருகிறவர்களிடம் எல்லாம் "நீங்கள் பதிவு செய்த வாக்காளரா?" என்று கேட்டான். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேராவது உள்ளே போய் வந்திருப்பார்கள். எத்தனை கையெழுத்து தேறியது தம்பி என்று போகும்போது கேட்டேன். ஆறு என்றான்.

அந்த ஆறில் ஒன்று என்னுடையது. கணிப்பில் கடைசியாக 'அநேகமாக இல்லை' என்று சொன்னவன்தான். ஓட்டுக்கு வரட்டும், வந்தால் என்ன போடுவது என்பதை 75 சொல்லையும் படித்துவிட்டு யோசிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்று. உங்கள் கட்டுரையில் இங்கே அரிசி பருப்புக்கும் இந்த வரி உண்டு என்று இருந்தது. தவறு, திருத்தம் போட்டுவிடுங்கள். கலிபோர்னியாவில் வீட்டுக்கு வாங்கிப்போகும் மளிகை உணவுக்குப் பொதுவாக விற்பனை வரி கிடையாது. அரிசிக்கு இல்லை, முறுக்குக்கு இல்லை, தோசை மாவுக்கு இல்லை. அதே மாவைச் சூடாகத் தோசை வார்த்துக் கொடுத்தால் உண்டு. அந்தத் தஞ்சாவூர் அம்மாவிடம் இதைச் சொன்னதும், "அதான் கிரைண்டர் வாங்கிட்டேனே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
திருமங்கலத்துக் கடைக்காரன்,
சன்னிவேல், கலிபோர்னியா