விசா ஆபீசர்களுக்கு ஒரு திறந்த மடல்: டிக் மட்டும் போடாதீங்க, காரணத்தையும் எழுதுங்க

விசிட்டர் விசா ஃபைல் பாக்குற ஆபீசர்கள் எல்லாருக்கும் வணக்கம். எந்த நாடுன்னு பேர் சொல்லல, இது உங்க எல்லாருக்குமே எழுதுறதுதான்.

அக்காவுக்கு குழந்தை பொறந்துச்சு, பேரனப் பாத்துட்டு ரெண்டு மாசத்துல திரும்பி வரலாம்னு எங்க அம்மா அப்ளை பண்ணாங்க. அக்காவோட இன்விடேஷன் லெட்டர், அவ சம்பள ஸ்லிப், அம்மாவோட ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், இன்சூரன்ஸ், போக வர டிக்கெட் புக்கிங்னு எல்லாம் வெச்சோம். வந்தது ஒரே ஒரு தாள். விசா முடியுறதுக்குள்ள கிளம்பிடுவீங்கன்னு நம்ப முடியலங்குற கட்டத்துல ஒரு டிக், அவ்ளோதான்.

அம்மா படிச்சுட்டு "நான் என்னடா பொய் சொன்னேன்"னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல.

உங்க கஷ்டம் புரியாம எழுதல. விசிட்டர் விசால போய் அங்கயே தங்கிடுறவங்க இருக்காங்க, ஒரு ஃபைலுக்கு உங்களுக்கு கிடைக்கறதும் சில நிமிஷம்தான். அமெரிக்கால 214(பி)ன்னு சட்டமே இருக்கு, விசிட்டரா வர்றவர் தங்கிட வரலன்னு நிரூபிக்குற வரைக்கும் அவர் குடியேற வர்றவர்னுதான் எடுத்துக்கணும். சரி, நிரூபிக்குறோம், ஆனா எத நிரூபிக்கணும்னு தெரிய வேணாமா? வேலை, சொத்து, வருமானம் பாக்குறீங்க, வாழ்நாள் பூரா வீட்டப் பாத்துக்கிட்டவங்ககிட்ட சம்பள ஸ்லிப் எங்கேந்து வரும், வீடு இன்னும் அப்பா பேர்லயே இருக்கு. அதுதான் பிரச்சனையா? இல்ல அப்ளை பண்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி அக்கவுன்ட்ல மொத்தமா ஏறுன பணமா? இல்ல பாஸ்போர்ட்ல ஒரு ஸ்டாம்ப் கூட இல்லாததா? நாலு பேர்கிட்ட கேட்டோம், நாலு பேரும் நாலு காரணம் சொன்னாங்க.

காரணம் எழுதறது ஒண்ணும் நடக்காத காரியம் இல்லங்க. 2020 நவம்பர்ல ஐரோப்பிய யூனியன் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. ஷெங்கன் விசாவ, அதாவது ஐரோப்பால பல நாட்டுக்கும் சேர்த்து குடுக்குற ஒரே விசாவ, இன்னொரு உறுப்பு நாடு ஆட்சேபிச்சதால மறுத்தா, அது எந்த நாடு, என்ன குறிப்பான காரணம்னு மறுப்புலயே சொல்லணும்னு. காரணம் தெரியாம ஒருத்தர் எப்படி அப்பீல் பண்ணுவார்ங்கறதுதான் அதோட அடிப்படை. அப்பீலே இல்லாம திரும்ப முதல்லேந்து ஃபீஸ் கட்டி அப்ளை பண்ணுன்னு சொல்ற இடத்துல இது இன்னும் அதிகமா வேணும், ஏன்னா கட்டுன ஃபீஸும் திரும்பி வராது.

நாங்க ரெண்டாவது தடவ போட்டோம். அந்தப் பணம் அப்பாவோட டெபாசிட் முடிஞ்சு வந்ததுன்னு பேங்க்ல லெட்டர் வாங்கினோம், வீட்டுக்கு வாரிசு சர்டிபிகேட் வெச்சோம், அம்மா ஏன் திரும்பி வருவாங்கன்னு ஒரு பக்கம் எழுதினோம். விசா கிடைச்சுது. இதுல எது வேலை செஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அம்மா போய் இறங்கறப்ப பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டான்.

எல்லாருக்கும் விசா குடுங்கன்னு கேக்கல. மறுக்கறப்ப அந்த டிக்குக்கு கீழ ஒரே ஒரு வரி, "இந்த தேதில வந்த இந்தப் பணத்துக்கு கணக்கு இல்ல"ன்னு, எழுதிக் குடுங்க.