நடை ஓட்டச் சங்கம்: புதியவர் பிரிவு குறித்த செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவையும் உறுப்பினர் பட்டியலையும் பொருளாளர் வாசிப்பார். நடந்த கூட்டங்களின் விவரம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. எனவே இந்த அறிக்கையில் ஒரே பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எடையைக் குறைக்க வேண்டும் என்று முதல்முறையாக ஓட வருகிறவர்களைப் பற்றியது அது. ஆர்வத்தோடு சேருகிறவர்களும் அவர்கள்தான், பாதியில் காணாமல் போகிறவர்களும் அவர்கள்தான். சோம்பல் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடலாம். ஆனால் உண்மைக் காரணம் வேறு. மூச்சு பழகும் வேகம் வேறு, எலும்பு பழகும் வேகம் வேறு. இரண்டுக்கும் நடுவில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

காலில் இறங்கும் சுமை

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 90 கிலோ எடையுள்ளவருக்கு அது 180 முதல் 270 கிலோ. நிமிடத்துக்கு 160 அடி என்றால் ஒரு காலுக்கு 80. முதல் வாரப் பயிற்சியில் ஒரு நாளில் ஓடும் நேரம் மொத்தமே 8 நிமிடம்தான்; அதற்குள் ஒவ்வொரு காலும் 640 முறை அந்தச் சுமையை வாங்கிவிடுகிறது.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதிலும் எலும்பு புதுச் சுமையைக் கண்டதும் பழைய திசுவை முதலில் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதியதை வைத்துக் கட்டுகிறது. நடுவில் உள்ள வாரங்களில் அது பழைய நிலையைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். ‘மூச்சே வாங்கவில்லையே, கொஞ்சம் கூட்டினால் என்ன?’ என்று ஆசை வருவதும் அதே வாரங்களில்தான்.

விளைவு முதலில் தெரிவது முன்னங்கால் எலும்பில். உட்கார்ந்து ஒரு காலை மறு தொடைமேல் போட்டு, கணுக்காலுக்கு மேலிருந்து முழங்கால் வரை எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், அது எலும்பு உறையை ஒட்டிய எரிச்சல். ஓட்டத்தை நிறுத்தி, வலிக்காத அளவு நடந்து, ஓரிரு வாரம் கழித்துப் பாதி அளவில் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகும். ஒரே புள்ளியில், விரல்நுனி அகலத்தில் சுரீரென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதற்கு ஐஸ் ஒத்தடமும் தைலமும் கொடுத்துக்கொண்டு ஓடக்கூடாது; மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். பயிற்சி பொறுப்பாளர்கள் எல்லோரும் இந்த வேறுபாட்டைக் கைப்படச் செய்து காட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

பயிற்சி அட்டவணை

நாம் பின்பற்றுவது 1996-இல் அமெரிக்கரான ஜாஷ் கிளார்க் தன் அம்மாவுக்காக வகுத்த, ‘கவுச் டு 5கே’ (சோபாவிலிருந்து 5 கி.மீ. ஓட்டம் வரை) என்று உலகெங்கும் பரவிய ஒன்பது வார முறை. வாரம் மூன்று நாள். ஓட்ட நாளுக்கு மறுநாள் ஓய்வு. முதல் வாரம் 5 நிமிடம் வேகநடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இதையே மாற்றி மாற்றி 20 நிமிடம். எளிமையான, நல்ல அட்டவணை. ஆனால் ஐந்தாம் வாரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த வாரம் இரண்டாம் நாள் 8 நிமிடம் ஓடி, 5 நிமிடம் நடந்து, மறுபடி 8 நிமிடம் ஓடச் சொல்கிறது. மூன்றாம் நாளே நிற்காமல் 20 நிமிடம். உடல் பருத்தவர்கள் பலருக்கு இந்தத் தாவல் ஒத்துவருவதில்லை.

எனவே நடுவில் மூன்று படிகளைச் செருகியிருக்கிறோம். 8 நிமிட ஓட்டம், 3 நிமிட நடை, 8 நிமிட ஓட்டம் ஒரு வாரம். 10, 2, 10 அடுத்த வாரம். 12, 1, 8 அதற்கடுத்த வாரம். அதற்கப்புறம் 20 நிமிடத் தொடர் ஓட்டம். ஒன்பது வாரம் பன்னிரண்டாகும், சிலருக்குப் பதினைந்தும் ஆகலாம். சான்றிதழ் கேட்டு யாரும் வாசலில் நிற்கவில்லை.

அடுத்த படிக்குப் போவதற்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம், மறுநாள் காலையைப் பாருங்கள். படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடியில் குதிகாலிலோ முன்னங்காலிலோ வலி இருந்தால் அந்த வாரத்தையே திரும்பச் செய்ய வேண்டும். தொடையிலும் கெண்டைக்கால் சதையிலும் பொதுவாக இழுத்துப் பிடிப்பது வேறு. அது ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானே தணியும். குறிப்பிட்ட ஓர் இடத்தில், ஒரு காலில் மட்டும் இருப்பதுதான் எச்சரிக்கை.

உடல் பருமன் அதிகமாக உள்ளவர்கள், நெடுநாள் உட்கார்ந்தே இருந்தவர்கள் அட்டவணைக்குள் நேராக நுழைய வேண்டாம். வாரம் ஐந்து நாள், 30 முதல் 40 நிமிட வேகநடை, வலியில்லாமல் நான்கு வாரம். அதன்பிறகு முதல் வாரம். இந்த விதிக்குத்தான் அதிக முணுமுணுப்பு வந்தது. மாற்றுவதாக இல்லை.

வேகம்

புதியவர் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி வேகத்தில்தான். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியவேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சிழுத்தால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் சற்றுக் கூட்டலாம். ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம், 9 நிமிடம் ஆனாலும் அது ஓட்டம்தான். பக்கத்தில் நடப்பவர் முந்திப் போனால் போகட்டும். இதயத் துடிப்பு காட்டும் கைக்கடிகாரத்தை நம்பி, 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் அதிகபட்சத் துடிப்பு எண்ணோடு பலர் மல்லுக்கட்டுகிறார்கள். அந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து துடிப்பு முன்பின் ஆகும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது என்பதால் அவர்களுக்கு அந்த எண் பயனற்றது. பேச்சுச் சோதனையே போதும்.

காலை எட்டிப் போடுவது இன்னொரு பிழை. எட்டிப் போட்டால் குதிகால் உடலுக்கு வெகுமுன்னால் விழுந்து ஒவ்வோர் அடியும் பிரேக் போட்டதுபோல ஆகிறது. அந்த அதிர்ச்சி முழங்காலுக்குப் போகிறது. வலது கால் தரையைத் தொடுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள், அதுதான் நிமிடத்துக்கான அடிகள். 150 வந்தால் 158-க்குக் கொண்டுவரப் பாருங்கள். வேகத்தைக் கூட்டாமல், அடியைக் குறுக்கி. ஐந்து சதவீத மாற்றமே முழங்கால் சுமையைக் குறைக்கும். அதற்குமேல் வலிந்து கூட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

தராசு

இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடினால் எடை கரையும் என்று நம்பி வருகிறவர்களுக்குக் கணக்கை முதல் நாளே காட்டிவிடுவது நல்லது. ஓட்டத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 80 கிலோ ஆள் முதல் வாரப் பயிற்சியில், நடையும் சேர்த்து, ஒரு நாளைக்குச் செலவழிப்பது 150 முதல் 200 கலோரி. மூன்று நாளுக்கு 450 முதல் 600. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. அந்த அளவோடு நின்றால் ஒரு கிலோ குறைய மூன்று, நான்கு மாதம் ஆகும். அதே ஆள் மூன்று மாதம் கழித்து வாரம் மூன்று முறை 5 கி.மீ. ஓடத் தேறினால் வாரத்துக்கு 1,200 கலோரி. அதோடு சாப்பாட்டில் நாளுக்கு 400 கலோரி குறைத்தால் 2,800. மொத்தம் 4,000, வாரத்துக்கு அரைக் கிலோ. ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, தட்டின் பங்கு எவ்வளவு என்று இதில் தெரிந்துவிடும். எடை குறையக் குறையச் செலவாகும் கலோரியும் குறைவதால் இந்தக் கணக்கும் நேர்கோட்டில் போகாது.

கடிகாரமும் ட்ரெட்மில்லும் காட்டும் கலோரியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கும் சேர்ந்திருக்கிறது. ட்ரெட்மில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் செலவு இன்னும் குறையும்; திரையில் மட்டும் குறையாது. அந்த எண்ணை நம்பி ஒரு பெரிய கோப்பை இனிப்புப் பானம் குடித்தால் அன்றைய ஓட்டம் கணக்கிலிருந்து போயிற்று. ஓடிவிட்டோம் என்ற நிம்மதியில் மிச்ச நாள் முழுக்க அசையாமல் இருப்பதும் இதேபோல்தான் கணக்கைக் கெடுக்கிறது.

இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்றும் உண்டு. முதல் இரண்டு மூன்று வாரத்தில் தராசு ஏறக்கூடும். பழகாத தசை பழுதுபார்க்க நீரைப் பிடித்துக்கொள்கிறது. தசைக்குள் எரிபொருளாகச் சேமிக்கும் சர்க்கரைப் பொருளான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. பெண்களுக்கு மாதச்சுழற்சியை ஒட்டியும் எடை ஏறி இறங்கும். இதைத் தெரியாதவர் ‘ஓடியும் ஏறுகிறதே’ என்று விட்டுவிடுகிறார். காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடுமுன் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். இடுப்பளவு இன்னும் நம்பகமானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது அளக்க வேண்டும். தொப்புளை அடையாளம் வைத்து அளந்தால் எடை குறையும்போது அடையாளமே இறங்கிவிடும்.

ஓட்டம் இல்லாத நாட்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சியையும் சொல்கிறது. நாம் இதுவரை அந்த இரண்டாவது பாதியை வயிற்றை மடக்கி எழும் பயிற்சியால் நிரப்பிக்கொண்டிருந்தோம். வயிற்றுக்குப் பயிற்சி கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையாது. அதை எடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 வீதம் மூன்று முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 வீதம் மூன்று முறை, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது 12 வீதம் இரண்டு முறை, படிக்கட்டு விளிம்பில் குதிகால் உயர்த்துவது 15 வீதம் இரண்டு முறை என்று வைத்திருக்கிறோம். குதிகாலை இறக்கும்போது மனத்துக்குள் மூன்று எண்ணி இறக்க வேண்டும். தடதடவென்று இறக்கினால் பாதிப் பயன் போய்விடும்.

ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் நகம் கறுக்கும். சுமார் 500 முதல் 800 கி.மீ. ஓடியபின் மாற்ற வேண்டும். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் ஓடுமுன் வாசலின் தடவிக்கொள்ளலாம்.

வியர்வை கொட்ட வைக்கும் பிளாஸ்டிக் உடையைப் பயிற்சியில் தடை செய்திருக்கிறோம். இறங்குவது தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும். வெயிலில் உடல்சூடு ஏறி ஆபத்தாவதுதான் மிச்சம்.

மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், தாறுமாறான படபடப்பு இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி உதவி கேட்க வேண்டும். இதயநோய், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின்போதும் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழலாம். கையில் இனிப்பு இல்லாமல் தடத்தில் இறங்கக்கூடாது. இதைப் பொறுப்பாளர்கள் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பொதுக்குழுவின் முடிவுக்கு

மூன்று கோரிக்கைகள். நீட்டித்த அட்டவணையைச் சங்கத்தின் நிரந்தர அட்டவணையாக ஏற்க வேண்டும். தொடக்க நாள் எடையை எல்லோர் முன்னிலும் வாசிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். அளவு அவரவர் குறிப்பேட்டில் இருந்தால் போதும். ‘அதிக எடை குறைத்தவர்’ பரிசுக்குப் பதிலாக, பன்னிரண்டு வாரம் காயமின்றி வந்தவர்களுக்குப் பரிசு தர வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில் செயற்குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன், வாக்கெடுப்புக்கு விட்டுவிடலாம்.

அதிகாலையில் எழுந்துவந்து பயிற்சியை நடத்திய பொறுப்பாளர்களுக்கும், தடத்தில் 100 மீட்டருக்கு ஒரு குறி போட்டுக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்